லாட்ஜ் என்றால் குளம்

ஹெட்டி ஆர்மராட்டை வீட்டைவிட்டுக் கிளப்பும் காகிதத்தை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான்தான். யாரும் என் கையை முறுக்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பேனாவையும் என் காசிலேயே வாங்கி, வீடு வீடாகப் படி ஏறி இறங்கி இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். இதைச் சொல்லும்போதே எனக்குக் காது சூடாகிறது. எவனாவது இப்போது என் முன்னால் வந்து "ஆல்மா, போனது போகட்டும்" என்று சொன்னால், அவன் தலையில் டீக்கெண்டியைக் கவிழ்த்துவிடுவேன்.

ஹெட்டியும் நானும் ஜூபிலி ஆலையில் இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தறிகளில் நின்றவர்கள். தறிகள் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் எங்கள் கிளெக்டன் ஊர் நெசவுக்காரிகள் எல்லாருக்கும் உதட்டால் பேசத் தெரியும். சத்தமே இல்லாமல் வாயை அகட்டி அகட்டி அசைப்போம். எதிரில் இருப்பவள் படித்துக்கொள்வாள். ஆலை மூடி ஏழு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் காதுகளைத் தறி பாதி தின்றுவிட்டது. அதற்குப் பிறகும் நானும் அவளும் தெருவுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று அப்படித்தான் வம்பளந்துகொண்டிருந்தோம்.

ஆலையை மூடிய அன்று முதலாளி சாவிக்கொத்தை ஹெட்டியிடம் கொடுத்து, "பென்னிப் பொந்தில் நீ இருந்துகொள், ஆலையைப் பார்த்துக்கொள்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஆலையின் முன்வாசலை ஒட்டிய இரண்டு அறைக் கட்டடம்தான் பென்னிப் பொந்து. காலையில் தாமதமாக வந்தவர்கள் அதன் ஜன்னல் துளையில் ஒரு பென்னிக் காசை அபராதமாகத் தள்ளினால்தான் உள்ளே விடுவார்கள். அதனால் அந்தப் பெயர். ஹெட்டிக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதலில் அம்மாவின் வீடு, பிறகு அண்ணன் வீட்டு மாடி அறை, அண்ணிக்காரியின் முணுமுணுப்பு. அவளுக்கென்று ஒரு கதவு கிடைத்தது அறுபத்தோரு வயதில்தான். கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தாள். ஜன்னலுக்கு என் பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்து மாட்டினாள். "இந்த ஊர்ல எனக்குன்னு தாழ்ப்பாள் போட்டுக்க ஒரு கதவு இருக்குடி" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன அக்டோபரில் பியர்ஸ் லானியன் வந்து சேர்ந்தான். லண்டன்காரன், முப்பத்தைந்து வயசிருக்கும், மூன்று கேமரா. ஏதோ ஒரு பாரம்பரிய அறக்கட்டளை ஜூபிலி ஆலையை வாங்கியிருந்தது. ஆலை, கால்வாய், புகைபோக்கி, சுற்றியுள்ள மேடுகள் எல்லாவற்றையும் படமெடுத்துப் புத்தகம் போட அவர்கள் அனுப்பிய ஆள் அவன். வழிகாட்ட உள்ளூர் ஆள் வேண்டும் என்று நூலகத்தில் கேட்டிருக்கிறான். நூலகக்காரி முரியல் என் பெயரைச் சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமைதான். பொய் சொல்வானேன்.

ஐந்து நாள் அவனோடு நடந்தேன். என் முழங்காலுக்கு அறுபத்தாறு வயசு, அதை அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மேட்டு உச்சியில், கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற இடத்தில் முக்காலியை ஊன்றிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா நின்றான்.

"என்ன தம்பி, எடுக்கலையா?"

"வெளிச்சத்துக்குக் காத்திருக்கேன், மிஸஸ் ஹோல்கேட்."

"இந்த ஊர்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்தா அடுத்த ஜூலைக்குத்தான் வீட்டுக்குப் போவோம்."

அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு மேகம் வேண்டும், கல் வேண்டும், தண்ணீர் வேண்டும். மனுஷர்கள் மட்டும் ஆகாது. கால்வாய்க் கரையில் ஸர்வர் ஹுசைன் வழக்கம்போல வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பியர்ஸ் என் காதில் வந்து, "அவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்ல முடியுமா?" என்றான். நான் போய்ச் சொன்னேன்.

ஸர்வர் ரொட்டிப் பையை மடித்தார். "இந்த ஆலையில பதினெட்டு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் நின்னேன் ஆல்மா. அப்பல்லாம் என்னை யாரும் தள்ளிப் போகச் சொல்லல. போனா தறி நின்னுடும்" என்றார். சொல்லிவிட்டு நகர்ந்தும் கொடுத்தார், நல்ல மனுஷன்.

ஆலையின் முன்வாசலைப் படமெடுக்கப் போனபோது ஹெட்டி துணி காயப் போட்டிருந்தாள். இரண்டு உள்பாவாடை, ஒரு மேசைவிரிப்பு.

"அந்தத் துணியை எடுத்துடுவாங்களா?" என்றான் பியர்ஸ்.

"காஞ்சதும் எடுப்பேன்" என்றாள் ஹெட்டி.

இரண்டு மணி நேரம் காத்திருந்தான். துணி போன பிறகும் அவன் முகம் தெளியவில்லை. ஒரு பழைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் கட்டடமே ஆரம்பத்துல இல்ல. வாசல் வளைவு 1887. இது பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒட்ட வெச்சது. வளைவை மறைக்குது" என்றான்.

"நாங்களும்தான் ஆரம்பத்துல இல்ல" என்றேன். அதற்கும் அவன் சிரிக்கவில்லை.

பிறகு ஆலையின் பின்பக்கம் கூட்டிப்போனேன். அங்கேதான் லாட்ஜ் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் லாட்ஜ் என்றால் அறை எடுத்துத் தங்கும் இடம், வாயில்காப்பான் வீடு என்று எதையெதையோ நினைப்பார்கள். எங்களுக்கு அது ஆலைக்குளம்.

"இதுதான் லாட்ஜ்" என்றேன்.

"லாட்ஜா? முன்னாடி வாசல்ல பார்த்தோமே, அதுதானே லாட்ஜ்?"

"அது பென்னிப் பொந்து. லாட்ஜ்னா குளம். இதுலருந்துதான் கொதிகலனுக்குத் தண்ணி எடுப்பாங்க. இங்க எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்."

அப்போதுதான் அவன் முதல்முறையாகச் சிரித்தான். சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். இரண்டு சொல்லையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு குளத்தைப் படமெடுத்தான். அவனும் நானும் தண்ணீரில் மிதந்த ஒரு உடைந்த குழந்தை வண்டியும்தான் அங்கே இருந்தோம். வேறு சாட்சி கிடையாது.

மார்ச் மாதம் திரும்பி வந்தான். என் அடுக்களையில் உட்கார்ந்து, நான் சுட்ட இஞ்சிக் கேக்கில் மூன்று துண்டு தின்றுவிட்டு, டைப் அடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தேன்.

"ஜூபிலி ஆலையின் முகப்பை அதன் பழைய பொலிவுக்குக் கொண்டுவரும்பொருட்டு, லாட்ஜைக் காலிசெய்து அவ்விடத்தைச் சீர்படுத்த வேண்டுமெனக் கீழே கையெழுத்திட்ட கிளெக்டன் மக்களாகிய நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்."

எனக்கு வாயெல்லாம் பல். அந்தக் குளத்தைக் காலி பண்ணச் சொல்லி நாங்கள் ஏழு வருஷமாக நாயாய்க் கத்திக்கொண்டிருந்தோம். ஆலை ஓடிய வரைக்கும் தண்ணீர் ஓடியது. நின்ற பிறகு அது சாக்கடை. மெத்தை, சைக்கிள், செத்த பூனை எல்லாம் அதற்குள்தான். வெயில் அடித்தால் நாற்றம் மூன்று தெருவுக்கு வரும். பஞ்சுத் தூசி ஏறிய நெஞ்சு ஹெட்டிக்கு. கோடை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டே கிடப்பாள்.

ஆனால் ஒன்று உறுத்தியது. இதையும் சொல்லிவிடுகிறேன். முகப்பு என்று போட்டிருக்கிறதே, குளம் பின்பக்கம் அல்லவா இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "புத்தகத்தோட முதல் பக்கத்துல உங்களுக்கு நன்றி போடப்போறோம். ஆல்மா ஹோல்கேட், நெசவாளர்னு" என்றான். என் பெயர் அச்சில் வந்தது இரண்டே முறை, கல்யாணத்துக்கு ஒன்று, என் புருஷன் செத்ததற்கு ஒன்று. திறந்த வாயை மூடிக்கொண்டு அவனுக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.

முதல் கையெழுத்து ஹெட்டியுடையது. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே, "லாட்ஜைக் காலி பண்ணப் போறாங்கடி" என்று உதட்டசைத்தேன். அவள் ஈரக்கையை இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்கடி போடணும்?"

"இங்க. கண்ணாடி எங்க?"

"உள்ள கிடக்கு. நீ படிச்சிட்டல்ல, அப்புறம் என்ன" என்றாள். போட்டாள்.

மே கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் ஜன்னலுக்கு வெளியே ஹெட்டி வந்து நின்றாள். கதவைத் தட்டவில்லை. கையில் ஒரு கடிதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, சத்தம் இல்லாமல், "என்னைக் காலி பண்ணச் சொல்றாங்க" என்று வாயசைத்தாள். நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் மறுபடி சொன்னாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அறக்கட்டளை எழுதியிருந்தது. ஆறு வாரத்தில் லாட்ஜைக் காலிசெய்ய வேண்டும். நகரமன்றம் ஒப்புதல் தந்ததும் கட்டடம் இடிக்கப்படும். ஊர் மக்களின் வேண்டுகோளின்படி என்று அடியில் எழுதியிருந்தது.

அப்படியே வீட்டுச் செருப்போடு நகரமன்ற அலுவலகத்துக்குப் போனேன். திட்ட அதிகாரி மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த ஆள், மடிப்புக் கலையாத சட்டை.

"லாட்ஜ்னா வாயில்காப்பாளர் வீடும்மா. அகராதியைப் பாருங்க" என்றார்.

"அந்த அகராதி எழுதினவன் எந்தத் தறியில நின்னான்? இங்க லாட்ஜ்னா குளம் சார். குளத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டோம்."

"அப்படிக் காகிதத்துல இல்லையே. ஊர் கேட்டுக்கிட்டு, குடியிருக்கிறவங்களும் ஒத்துக்கிட்டாத்தான் இடிக்கலாம்னு விதி. ஊர் கேட்டிருக்கு. குடியிருக்கிறவங்க முதல் ஆளாக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்? ஜூன் பதினெட்டாம் தேதி குழுக் கூட்டம். அங்க முடிவாயிடும்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஹெட்டியின் கையெழுத்து கோணல்மாணலாக, கோட்டுக்கு மேலே ஏறிக் கிடந்தது. கண்ணாடி இல்லாமல் போட்டதல்லவா.

வீட்டுக்கு வந்து லண்டனுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு மிஸஸ் ஹோல்கேட்" என்றான் பியர்ஸ். குரலில் அப்படியே வெண்ணெய் வழிந்தது. "உங்க வட்டார வழக்கு எனக்கு எப்படித் தெரியும்? லாட்ஜ்னா லாட்ஜ்னுதான் எழுதினேன்."

"நான் சொன்னேனே தம்பி. குளத்தோரம் நின்னு, எழுத்துக்கூட்டிச் சொன்னேனே."

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றான்.

போனை வைத்த வேகத்தில் அதன் ஓரம் உடைந்துவிட்டது. சொன்னவள் நான், கேட்டவன் அவன். இல்லை என்று அவன் சொன்னால், கிழவிக்கு மறதி என்று ஊர் சொல்லும். அந்தப் பக்கம் ஹெட்டி சண்டைக்கும் வரவில்லை, அழவும் இல்லை. பழைய நூல்கண்டுப் பெட்டிகளை வாங்கிவந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். "அண்ணி வீட்டு மாடி காலியாத்தான் இருக்காம்" என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அவனைக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

பதினேழாம் தேதி, கூட்டத்துக்கு முதல் நாள், நூலகத்தில் அவன் படங்களைக் கண்காட்சியாக மாட்டியிருந்தார்கள். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ரொட்டி வாங்கப் போன கால் தானாகத் திரும்பிவிட்டது. சுவர் முழுக்க நாற்பது படம். நன்றாகத்தான் எடுத்திருந்தான், பாவி. மேட்டின்மேல் நிழல் ஓடுகிறது, தறிக்கொட்டகைக் கூரை ரம்பப் பல்லாக நீள்கிறது, புகைபோக்கி தண்ணீரில் தலைகீழாக நிற்கிறது. நாற்பதில் ஒன்றில்கூட ஆள் இல்லை. ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்த்த இடம் இது. பிளேக் வந்து எல்லாரும் செத்துப்போன ஊர் மாதிரி காட்டியிருந்தான்.

இருபத்தேழாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். குளம். ஓரத்தில் உடைந்த குழந்தை வண்டி. அடியில் சட்டத்தோடு ஒட்டிய சின்ன அட்டையில் அச்சடித்திருந்தது: "லாட்ஜ், ஜூபிலி ஆலை. அக்டோபர்."

இரண்டு முறை படித்தேன். பிறகு ஆணியிலிருந்து அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முரியல் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். "ஆல்மா, அதைக் கழற்றக் கூடாது."

"நான் எங்க கழற்றினேன்? படிக்கிறதுக்கு எடுத்துட்டுப் போறேன். இது நூலகம்தானே?"

முரியல் அந்த அட்டையைப் படித்தாள். அவளும் கையெழுத்துப் போட்டவள், நூற்று நாற்பதாவதோ என்னவோ. முகம் சிவந்துவிட்டது. படத்தை வாங்கித் திருப்பி, பின்பக்கம் தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"ரெண்டு வாரத்துல திருப்பிக் கொடுத்துடு" என்றாள்.

மறுநாள் பிற்பகல் நகரமன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. பாதிக்குமேல் பழைய நெசவுக்காரிகள். முன்வரிசையில் அறக்கட்டளை ஆட்கள், அவர்களோடு பியர்ஸ், மடியில் கேமரா. ஹெட்டி கடைசி வரிசையில், தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழுத் தலைவர் கிளிஃபர்ட் டக்வொர்த், சந்தைத் தெருக் கசாப்புக்காரர். எங்கள் எல்லாருக்கும் எலும்பு போட்டுக் கொடுப்பவர்.

திட்ட அதிகாரி காகிதத்தை வாசித்தார். லாட்ஜ் என்ற இடம் வந்ததும் கூடத்தில் முணுமுணுப்பு.

நான் எழுந்தேன். "கிளிஃபர்ட், இந்தக் காகிதத்துல நீயும் கையெழுத்துப் போட்டிருக்கே."

அவர் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போட்டேன் ஆல்மா."

"எதுக்குப் போட்ட?"

"குளத்துக்குத்தான். வேற எதுக்கு?"

அதிகாரி குறுக்கே வந்தார். "தலைவரே, அச்சில் இருப்பதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். பொதுவழக்கில் லாட்ஜ் என்றால்..."

ஸர்வர் ஹுசைன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "சார், நான் மீர்பூர்லருந்து வந்து இறங்கினப்ப எனக்கு இங்கிலீஷ்ல பத்து வார்த்தை தெரியும். பதினோராவது வார்த்தை லாட்ஜ். வழுக்கி உள்ள விழுந்துட்டேன், அதனால முதல் வாரமே கத்துக்கிட்டேன். இந்தத் தம்பி எட்டு மாசமா வந்து போறார்."

கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைக் கொண்டுபோய்த் தலைவரின் மேசைமேல் வைத்தேன். கிளிஃபர்ட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைப் படித்தார். நிமிர்ந்தார்.

"மிஸ்டர் லானியன், இது நீங்க எடுத்த படமா?"

"ஆமா."

"அடியில இருக்கிறது?"

"நான் எழுதினதுதான்."

"படம் அக்டோபர்ல எடுத்தது. காகிதம் மார்ச்சுல எழுதினது. அப்ப லாட்ஜ்னா எங்களுக்கு என்னன்னு மார்ச்சுல உங்களுக்குத் தெரியும்."

பியர்ஸ் பக்கத்தில் இருந்த அறக்கட்டளைக்காரரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றான்.

"பென்னிப் பொந்துன்னு எழுதியிருக்கலாமே தம்பி."

"எழுதியிருந்தா ஒருத்தரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னான், மழை வரும் என்று சொல்கிற மாதிரி. அவன் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன வெச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. நாட்டிலேயே அந்த மாதிரி வளைவு மூணுதான் மிச்சம். அது இன்னும் நூறு வருஷம் நிக்கும். அந்த அம்மா எத்தனை வருஷம்..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நிறுத்தி என்ன பிரயோஜனம்? கடைசி வரிசையில் இருந்த ஹெட்டிக்கு அவ்வளவு தூரம் காது கேட்காது. ஆனால் அவள் அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"எத்தனை வருஷமோ எனக்கும் தெரியாது தம்பி. அதுவரைக்கும் உன் வளைவு காத்திருக்கட்டும்."

கிளிஃபர்ட் டக்வொர்த் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து செல்லாது, பென்னிப் பொந்தை யாரும் தொடக்கூடாது, மிஸ் ஆர்மராட் இருக்கிற வரை அது அவள் வீடு என்று சொன்னார். அதிகாரி ஏதோ விதி எண் சொல்ல ஆரம்பித்தார். "எழுதி அனுப்புங்க" என்று கிளிஃபர்ட் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பியர்ஸ் கேமராவைப் பையில் வைத்து மூடிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனான். என்னைத் தாண்டும்போது, "உங்களால அந்த வளைவு போச்சு" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு நிறைய வார்த்தை தெரியும். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் சுற்றி நின்றதால் பாதியைத்தான் சொன்னேன்.

கூடத்துக்கு வெளியே எல்லாரும் ஹெட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் முதுகிலும் தட்டினார்கள். விடமாட்டாளே ஆல்மா, வாயில்லாவிட்டால் நாய் கவ்விப்போய்விடும் என்றெல்லாம் கேலி. நான் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஹெட்டியும் நானும் ஒன்றாக வீட்டுக்குத் திரும்பினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தெரு முனை வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், அவன் முகம் போன போக்கு, அதிகாரியின் சட்டை, எல்லாவற்றையும்.

பச்சைக் கதவின் முன்னால் நின்று ஹெட்டி பையில் சாவியைத் தேடினாள். எடுத்தாள். துளையில் போடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"முகப்புன்னு போட்டிருந்துச்சு ஆல்மா."

"என்னது?"

"இன்னிக்கு அந்த அதிகாரி வாசிச்சப்ப உதட்டைப் பார்த்துத்தான் கவனிச்சேன். ஆலையோட முகப்புன்னு. குளம் பின்னாடில்ல இருக்கு? நான் கண்ணாடி இல்லாம போட்டேன். நீ கண்ணாடி போட்டுட்டுப் படிச்ச."

"அவன் ஏமாத்திட்டான்டி. கூட்டத்துலயே ஒத்துக்கிட்டானே."

"அவனை விடு. அவன் யாரு எனக்கு? நான் உன்னைக் கேக்குறேன். உனக்குத் தோணலையா?"

தோணலை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். இருபத்தாறு வருஷம் என் உதட்டைப் படித்தவள், நான் சொன்னால் நம்புவாள். பொய்யும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒருத்தனை ஊர் முன்னால் நிறுத்தி உண்மையைக் கக்க வைத்தவள் நான்.

"தோணுச்சு" என்றேன். "புத்தகத்துல என் பேரைப் போடறேன்னான். கேக்காம விட்டுட்டேன்."

ஹெட்டி என் முகத்தையே பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். சுவரோரம் பெட்டிகள் அடுக்கியிருந்தன, எல்லாம் கட்டி முடித்து, மேலே பெயர் எழுதி. கதவை அவள் ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். பிறகு உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள். என் பாதிக் காதுக்கும் அது நன்றாகவே கேட்டது.